நடுவில் நிற்கும் பெண்கள்
எலெய்ன் பிராடியின் முதுமை ஆய்வுகள்

பிள்ளைகள் பெற்றோரைக் கைவிட்டுவிட்டார்கள் என்னும் குற்றச்சாட்டு நமக்குப் பழகிப்போன ஒன்று. அதைக் கூறுபவர் பெரும்பாலும் கடந்துபோன ஒரு காலத்தைச் சுட்டிக்காட்டுவார். அக்காலத்தில் மூத்தோர் போற்றப்பட்டனர் என்பார். இன்று எல்லாம் சீர்கெட்டுவிட்டது என்று முடிப்பார். மேடைக்கு மிகவும் ஏற்ற பேச்சு இது. மறுத்துரைக்க அவையில் எவரும் எழுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க நாட்டிலும் இதே குற்றச்சாட்டு ஓங்கி ஒலித்தது. முதியோர் இல்லங்கள் பெருகிவந்ததை அதற்குச் சான்றாகக் காட்டினர். அத்தகைய இல்லம் ஒன்றிலேயே சமூகப்பணியாளராக இருந்த ஒரு பெண்மணி அந்தப் பேச்சை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தளர்ந்துபோன ஒரு முதியவருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர் யார், அவரைக் குளிப்பாட்டுபவர் யார், இரவில் எழுந்து பார்ப்பவர் யார் என்று அவர் கேட்கத் தொடங்கினார். அக்கேள்விகளுக்கு விடைதேடியே அவருடைய முப்பதாண்டு ஆய்வு வாழ்க்கை கழிந்தது. அவர்தாம் எலெய்ன் பிராடி அம்மையார்.

அவர் 1922ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1957இல் பிலடெல்பியா நகரின் முதுமை நல மையத்தில் பணியில் அமர்ந்தார். யூத சமூகத்தார் தம் முதியோருக்காக அமைத்த இல்லத்திலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. இல்லத்தில் இடம் கேட்டு வரும் குடும்பங்களோடு பேசுவது அங்குள்ள சமூகப்பணியாளரின் அன்றாடக் கடமை. பெற்றோரை அழைத்துவரும் மக்களின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் பணி அது. பிராடியின் பிற்கால ஆய்வுகளில் காணப்படும் நிதானத்திற்கும் பரிவுக்கும் இந்த அனுபவமே ஊற்றுக்கண் எனலாம். முனைவர் பட்டம் பெறாமலே அவர் உலகறிந்த ஆய்வாளரானார். 1980இல் அமெரிக்க முதுமையியல் கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். பட்டங்களின் நீளத்தைக்கொண்டு அறிவை அளக்கும் நம் கல்வியுலகம் இதனைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

1963இல் பவல் லாட்டன் என்னும் உளவியலாளர் அம்மையத்திற்கு வந்து சேர்ந்தார். பிராடியும் அவரும் இணைந்து 1969இல் வெளியிட்ட ஒரு கட்டுரை முதுமையியலில் மிகுதியாக எடுத்தாளப்படும் எழுத்துகளுள் ஒன்றாக இன்றும் விளங்குகிறது. அதன் உள்ளீட்டைச் சற்று விளக்கமாகவே கூறவேண்டும்.

ஒரு முதியவர் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலுமா என்பதை அறிய, சிட்னி கட்ஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1963இல் ஓர் அளவுகோலை வெளியிட்டிருந்தனர். குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து அமர்தல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறும் அதில் அடங்கும். இவை உடல் சார்ந்தவை. இவை அனைத்தையும் தாமே செய்துகொள்ளும் ஒருவர் மருத்துவர் பார்வையில் நலமானவராகவே தோன்றுவார். ஆனால் அவர் தம் வீட்டில் தனித்து வாழ இயலுமா என்னும் வினாவுக்கு இந்த ஆறும் விடை தரமாட்டா. உடுத்தத் தெரிந்தவர் அடுப்பை அணைக்க மறந்துவிடலாம். தாமே உண்பவர் காலையில் உட்கொள்ளவேண்டிய மாத்திரையை மூன்று முறை உட்கொண்டுவிடலாம்.

லாட்டனும் பிராடியும் எட்டுச் செயல்களை எடுத்துக்கொண்டனர்: தொலைபேசியைப் பயன்படுத்துதல், கடைக்குச் சென்று பொருள் வாங்குதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி வெளுத்தல், வெளியே பயணம் செய்தல், மருந்தை முறைப்படி உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல். படித்துப் பார்த்தால் மிகச் சாதாரணமான பட்டியலாகத் தோன்றும். அதன் சிறப்பு அந்தச் சாதாரணத்தன்மையிலேயே இருக்கிறது. ஒருவர் உயிரோடிருப்பதற்கும் சமூகத்தின் நடுவே வாழ்வதற்கும் இடையே உள்ள தூரத்தை இந்த எட்டும் காட்டிவிடுகின்றன. எந்தச் செயலில் ஒருவர் தளர்ந்துள்ளார் என்று தெரிந்துவிட்டால், அந்த ஒன்றுக்கு மட்டும் துணை ஏற்பாடு செய்து அவரை அவர் வீட்டிலேயே இருக்கவிடலாம். மருந்துக்கு ஒருவர், கடைக்கு ஒருவர் என்று துணை கிடைத்தால் போதும் என்னும் நிலையில் உள்ளவரை இல்லத்தில் சேர்க்கவேண்டிய தேவை இராது. இந்தியாவில் 2017-18ஆம் ஆண்டுகளில் முதற்சுற்றாக நடைபெற்ற முதுமை பற்றிய தேசியத் தொடராய்விலும் இத்தகைய வினாக்கள் இடம்பெற்றன.

அந்த அளவுகோலில் ஒரு விந்தையும் உண்டு. பெண்களுக்கு எட்டு வினாக்கள், ஆண்களுக்கோ ஐந்துதாம். சமையல், வீட்டுப்பணி, துணி வெளுத்தல் ஆகிய மூன்றும் ஆண்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் வாழ்நாளில் செய்தறியாத ஒன்றை முதுமையில் இழந்துவிட்டார்கள் என்று எப்படிக் கூறுவது என்பதே காரணம். அறிவியல் நோக்கில் அது சரியான முடிவாக இருக்கலாம். எனினும் ஒரு தலைமுறையின் இல்லற வாழ்வு முழுவதும் அந்த மூன்று வினாக்களின் விடுபடலில் பதிவாகிவிட்டது. மனைவியை இழந்த ஆணுக்கு ஒருவேளை உணவு யார் கையால் வருகிறது என்று பிறகு பிராடி ஆராயப்போவதன் முன்னறிவிப்பாகவே இன்று அது தோன்றுகிறது. பிற்காலத்தில் மருத்துவமனைகள் பலவும் இருபாலாரிடமும் எட்டையும் கேட்கத் தொடங்கின.

1971இல் தம் குழுவினருடன் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, அறிவாற்றல் தேய்ந்த முதியோரைப் பற்றியது. மூளை நோயால் ஓரளவு தளர்ச்சி வரும். அது தவிர்க்க இயலாதது. ஆனால் நோய் ஏற்படுத்திய அளவைவிட அதிகமாகவே பலர் முடங்கிக் கிடக்கின்றனர். நடக்க இயன்றவர் நடப்பதில்லை, பேச இயன்றவர் பேசுவதில்லை. இந்த மிகையான முடக்கத்தை இனங்கண்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கேற்ற கவனிப்பை அளித்தால் அது குறைகிறது என்று அவ்வாய்வு காட்டியது. வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று கையை விரிப்பதற்கு எதிராக அன்று எழுந்த குரல்களுள் இதுவும் ஒன்று.

வீட்டுக்கும் இல்லத்துக்கும் இடையே வேறு வழியே கிடையாதா என்னும் வினாவும் அவரை ஈர்த்தது. பிலடெல்பியா மையம் தன் அருகிலிருந்த குடும்ப வீடுகள் சிலவற்றை வாங்கி, அவற்றைச் சிறு தனிக்குடியிருப்புகளாகப் பிரித்து முதியோருக்கு அளித்தது. தெருவும் அண்டை வீடுகளும் இயல்பாக இருக்கும். தேவைப்பட்டால் மையத்தின் உதவி எட்டும் தூரத்தில் இருக்கும். அங்குக் குடியேறியவர்களோடு, குடியேறாமல் இருந்தவர்களையும் ஒப்பிட்டு 1975இல் பிராடி எழுதினார். வந்தவர்களை மட்டும் கேட்டுவிட்டுத் திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதுவது எளிது. வராதவர்களையும் கேட்டதில்தான் அவருடைய நேர்மை இருக்கிறது.

இனி அவருடைய பெயரை நிலைநிறுத்திய ஆய்வுகளுக்கு வருவோம். பிள்ளைகள் கைவிட்டுவிட்டனர் என்னும் கூற்றை முதலில் சோதித்தவர் பிராடி அல்லர். எத்தல் ஷானாஸ் என்னும் சமூகவியல் அறிஞர் பல நாடுகளில் ஆராய்ந்து, அது வெறும் கட்டுக்கதை என்று 1979இல் எழுதினார். எத்தனை முறை தலையை வெட்டினாலும் மீண்டும் முளைக்கும் கிரேக்கப் புராணத்துப் பலதலைப் பாம்போடு அக்கதையை அவர் ஒப்பிட்டார். முதியோருள் எந்த ஒரு நாளிலும் நூற்றுக்கு ஐவர் அளவிலேயே இல்லங்களில் இருந்தனர். வீட்டில் வாழும் தளர்ந்த முதியோருக்குக் கிடைத்த பராமரிப்பிலோ நூற்றுக்கு எண்பதிலிருந்து தொண்ணூறு பங்கு வரை குடும்பத்தாரே அளித்தனர் என்று அக்கால ஆய்வுகள் கூறின.

அப்படியாயின் அந்தக் கதை ஏன் சாகவில்லை? பிராடி இதற்குத் தந்த விளக்கம் சிந்திக்கத்தக்கது. முதலாவதாக மக்கள்தொகையின் மாற்றம். 1900இல் அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 31 இலட்சம். மக்கள்தொகையில் நூற்றுக்கு நால்வர். 1980இல் அவர்கள் இரண்டரைக் கோடியைத் தாண்டினர், நூற்றுக்குப் பதினொருவர். பழைய காலத்தில் பெற்றோரைப் பேணினார்கள் என்று புகழ்கிறோமே, அக்காலத்தில் பெரும்பாலோருக்கு நெடுங்காலம் பேணவேண்டிய பெற்றோரே இருக்கவில்லை. சில நாள் காய்ச்சலில் தந்தை இறந்துவிடுவார்; தாய் அதற்கும் முன்பே மறைந்திருப்பார். பக்கவாதத்தோடு பத்தாண்டுகள், மறதி நோயோடு எட்டாண்டுகள் என்னும் பராமரிப்பு அவர்கள் அறியாதது. ஆகவே இக்காலத்து மக்கள் முன்னோரைவிடக் குறைவாகச் செய்யவில்லை. அதிகக் கடினமான பணியை, அதிகக் காலம், அதிகமான பெற்றோருக்குச் செய்கின்றனர் என்பது பிராடியின் முடிவு.

இரண்டாவது விளக்கம் உள்ளத்தைப் பற்றியது. 1985இல் அச்சான அவருடைய புகழ்பெற்ற உரையில் இது விரிவாக வருகிறது. குழந்தைப் பருவத்தில் தாய் தந்தையர் நம்மை எவ்வாறு முழுமையாகப் பேணினரோ, அவ்வாறே நாமும் அவர்களைத் திருப்பிப் பேணவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு உள்ளத்தின் ஆழத்தில் கிடக்கிறது. அந்த அளவை எவராலும் எட்ட முடியாது. எவ்வளவு செய்தாலும் போதவில்லை என்னும் குற்றவுணர்வு எஞ்சுகிறது. அக்குற்றவுணர்வு இருப்பதாலேயே, எங்கோ ஒரு காலத்தில் யாரோ இதைச் சரியாகச் செய்தார்கள் என்று நம்பத் தோன்றுகிறது. வயதான பெற்றோர் குழந்தைகளாகி, பிள்ளைகள் பெற்றோராகிவிடுகின்றனர் என்னும் வழக்கமான பேச்சையும் பிராடி ஏற்கவில்லை. தாய்க்கு நீராட்டினாலும் அவர் தாய்தாம். குழந்தை நாளுக்கு நாள் வளர்ந்து விடுதலை பெறும். இங்கோ பாதை எதிர்த்திசையில் செல்கிறது. இரண்டையும் ஒன்றெனக் கருதினால் பெற்றவரின் கண்ணியமும் போகும், மகளின் துயரமும் புரியாது.

மகளின் துயரம் என்றே எழுதினேன், தெரிந்தே எழுதினேன். குடும்பம் பேணுகிறது என்று ஆய்வுகள் கூறியபோது, குடும்பம் என்னும் அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தவர் பிராடி. உள்ளே பெரும்பாலும் ஒரு பெண் இருந்தார்: மகள், அல்லது மருமகள். மகன்கள் அன்பற்றவர்களாக இல்லை. பணம் தருவர், முடிவுகளில் பங்குகொள்வர், வந்து பார்ப்பர். ஆனால் குளிப்பாட்டல், உணவூட்டல், இரவு விழிப்பு ஆகியவை பெண்ணிடமே சேர்ந்தன. 1981இல் அவர் எழுதிய கட்டுரையில் இப்பெண்களை ‘நடுவில் நிற்கும் பெண்கள்’ என்று குறித்தார். நடு வயது, நடுத் தலைமுறை, பெண் உழைக்கச் செல்லவேண்டும் என்னும் புதிய மதிப்புக்கும் பெண்ணே பேணவேண்டும் என்னும் பழைய மதிப்புக்கும் நடு என்று அச்சொல் பலமுகம் கொண்டது. இதே பெயரில் 1990இல் அவர் வெளியிட்ட நூல் 2004இல் மறுபதிப்புக் கண்டது.

பாட்டி, தாய், வயதுவந்த பேத்தி என மூன்று தலைமுறைப் பெண்களை அவர் குழு வினவியது. 1983இலும் 1984இலும் வெளியான அம்முடிவுகள் சுவையானவை. முதியோரைக் குடும்பம் பேணவேண்டும் என்பதில் மூன்று தலைமுறையும் உறுதியாக இருந்தன. இளையோரிடம் அவ்வுணர்வு மங்கியிருக்கவில்லை. ஆணும் பெண்ணும் பகிர்ந்து செய்யவேண்டும் என்பதிலும் பெரும்பாலோர் ஒத்தனர். வெளியிலிருந்து வரும் சேவையாளரின் உதவியைப் பெறுவதற்கு மற்ற இரு தலைமுறைகளையும்விட இசைவாக இருந்தவர்கள் பாட்டிமார்கள். மகளைச் சுமையில் ஆழ்த்த அவர்கள் விரும்பவில்லை போலும். தாயைப் பேணுவதற்காக மகள் தன் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளவேண்டும் என்று பெரும்பாலோர் கருதவும் இல்லை.

கருத்து அப்படி. நடப்போ வேறாக இருந்தது. கைம்பெண்ணான தாயைப் பேணும் மகள்களை ஆராய்ந்து 1987இல் வெளியிட்ட கட்டுரையில், வேலைக்குச் செல்லாத மகள்களுள் நூற்றுக்கு 28 பேர் தாயின் பராமரிப்புக்காகவே வேலையைத் துறந்தவர்கள் என்று பிராடியும் குழுவினரும் கண்டனர். வேலையில் நீடித்தவர்களுள்ளும் ஏறத்தாழ அதே விகிதத்தினர் நேரத்தைக் குறைத்துக்கொண்டோ விட்டுவிடலாமா என்று எண்ணிக்கொண்டோ இருந்தனர். அந்தப் பெண்கள் இழந்த ஊதியமும் முதுமையில் அவர்களுக்கே கிடைத்திருக்கவேண்டிய ஓய்வூதியமும் எந்த அரசுக் கணக்கிலும் ஏறவில்லை. அவை செலவாகவே கருதப்படவில்லை.

இங்கே நம் வாசகர் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழக்கூடும். பெற்றோரைப் பேணுதல் நமக்கு இறைக்கட்டளை. பனீ இஸ்ராயீல் அத்தியாயம் அதை இறைவணக்கத்தை அடுத்து வைத்துப் பேசுகிறது. எனவே இந்த அமெரிக்கக் கணக்குகள் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கட்டளை யாருக்கு என்பதைப் பார்த்தால் இக்கேள்வி எழாது. வறிய பெற்றோருக்கான நஃபகா, பொருள் வசதியுள்ள மகன், மகள் இருவர்மீதும் சமமாகக் கடமையாகிறது என்பது ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் வலுவான கருத்து. கணவனின் பெற்றோருக்குப் பணிவிடை செய்வதை மருமகள்மீது சட்டக் கடமையாக ஃபகீஹுகள் சுமத்தவில்லை. அவள் செய்தால் அது அவளுடைய இஹ்ஸான். நடைமுறையில் நாம் மகனுக்குரிய கடமையை மருமகளின் கையில் வைத்துவிட்டு, நன்மையை மகனின் பெயரில் எழுதிக்கொள்கிறோம். பிலடெல்பியாவில் பிராடி எண்ணிக் காட்டியதும் இதைத்தான்.

மற்றொரு பக்கமும் உண்டு. தள்ளாத வயதில் இரந்துநின்ற யூதர் ஒருவரைக் கண்ட கலீஃபா உமர் அவர்கள், அவருக்குப் பைத்துல்மாலிலிருந்து வழங்க ஆணையிட்டதை இமாம் அபூ யூசுஃப் தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிவுசெய்துள்ளார். முதுமை குடும்பத்தின் பொறுப்பாக மட்டும் அங்கே கருதப்படவில்லை.

இந்தப் பொதுப்பொறுப்புதான் பிராடியின் காலத்து அமெரிக்காவில் பெரும் விவாதமாக இருந்தது. 1965இல் மெடிகேர் சட்டம் வந்தது. மருத்துவமனைச் செலவை அது ஏற்றது. நாள்பட்ட தளர்ச்சிக்கு வேண்டிய அன்றாடப் பராமரிப்பை ஏற்கவில்லை, இன்றும் ஏற்பதில்லை. வறியோருக்கான மெடிகெய்ட் திட்டம் இல்லங்களுக்குப் பணம் கொடுத்தது. ஆதலால் கைப்பொருள் கரைந்த பின்னரே பலர் அதன் நிழலுக்கு வரமுடிந்தது. வீட்டுக்கே உதவியாளரை அனுப்பினால் என்ன என்று கேட்டவர்களுக்கு அரசியலார் சிலர் கூறிய மறுமொழி இது: அரசு உதவினால் குடும்பங்கள் கையைக் கழுவிவிடும்.

கைவிட்ட பிள்ளைகள் என்னும் கட்டுக்கதை எதற்குப் பயன்பட்டது என்பது இங்கே புலனாகிறது. பிள்ளைகள் பொறுப்பற்றவர்கள் என்று நிறுவிவிட்டால், அவர்களுக்கு உதவி செய்யாதிருப்பதே ஒழுக்கம் காக்கும் செயலாகிவிடும். பிராடியின் சான்றுகள் இதை நேராக எதிர்த்தன. உதவி கிடைத்த குடும்பங்கள் பின்வாங்கவில்லை. பகலில் சில மணி நேரம் ஓய்வு கிடைத்த மகள், தாயை அதிகக் காலம் தன்னிடமே வைத்துக்கொள்ள முடிந்தது. பெரும்பாலான குடும்பங்கள் இல்லத்தின் கதவைத் தட்டியது எல்லா வலிமையும் தீர்ந்த பிறகே என்பதை, அக்கதவுக்குப் பின்னால் அமர்ந்திருந்த அவர் அறிந்திருந்தார்.

அவருடைய ஆய்வுகள் குறையற்றவை என்று கூறமாட்டேன். அவர் வினவிய பெண்களுள் பெரும்பாலோர் பிலடெல்பியாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். கறுப்பின மக்களின் குடும்ப அமைப்பு அவற்றில் போதிய இடம் பெறவில்லை. சிறு பிள்ளைகள், முதிய பெற்றோர், வேலை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் சுமக்கும் பெண்களின் தொகை நாம் எண்ணுவதைவிடக் குறைவே என்று ஸ்பிட்ஸ், லோகன் ஆகியோர் 1990இல் எழுதினர். அத்திருத்தம் தேவையானது. ஆனால் பத்திரிகைகள் பரப்பிய படத்தையே அது பெரிதும் திருத்துகிறது. பராமரிப்பு பெண்ணின் கையில் குவிகிறது என்னும் அடிப்படை முடிவு அதனால் அசையவில்லை.

அறபு மொழியில் முதுமைக்கு ஒரு சொல்லோடு நிறுத்தமாட்டார்கள். நரை தொடங்கியவன் கஹ்ல். அவனைக் கடந்தவன் ஷைக். தள்ளாமையில் விழுந்தவன் ஹரிம். தஆலிபி தம் ‘ஃபிக்ஹுல் லுகா’வில் வயதின் படிகளை இவ்வாறு வரிசைப்படுத்துகிறார். மேலை முதுமையியல் நெடுங்காலம் 65ஐத் தாண்டிய அனைவரையும் ஒரே சாக்கில் கட்டியிருந்தது. 1974இல்தான் பெர்னிஸ் நியூகார்டன், இளமுதியோர் என்றும் முதுமுதியோர் என்றும் பிரித்துக் காட்டினார். பிராடி இதற்கும் ஒருபடி மேலே சென்று, மிக மிக முதியவராய் இருப்பதைப் பற்றி உள்ளிருந்து பார்த்தவரின் கட்டுரை என 2010இல் ஒன்றை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 87. முதியோரைப் பற்றி அரை நூற்றாண்டு எழுதியவர், முதல்முறையாகத் தன்மை ஒருமையில் முதுமையை எழுதினார். 1969இல் லாட்டனோடு வகுத்த எட்டு வினாக்களுக்கும் தாமே விடை கூறவேண்டிய வயது அது. லாட்டன் 2001இலேயே மறைந்துவிட்டிருந்தார். பிராடி 2014 ஜூலையில் தம் 91ஆம் வயதில் காலமானார்.